புழு போன வழி

என் ஓரகத்திக்கு வேலை செய்கிற இடத்தில் புழு அக்கா என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் அதைக் கேட்டுத் திடுக்கிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. "ஆமா, நான்தான். என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார். கேலியாக வைத்த பெயர்தான் அது. இப்போது யாரும் அதைக் கேலியாகச் சொல்வதில்லை. அது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தோம். அவர் மூத்தவர், நான் இளையவள். நான் எட்டாம் வகுப்போடு நின்றேன், அக்கா ஏழாம் வகுப்போடு. ஏதாவது எதிர்த்துச் சொன்னால், "ஒரு கிளாஸ் ஜாஸ்தி படிச்ச திமிரு" என்று என்னை இடிப்பார். வேலையும் இருவருக்கும் ஒரே இடத்தில்தான். பழைய சட்டப் புத்தகங்களை ஓர் எழுத்தும் மாற்றாமல் திரும்ப அச்சடித்து, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் நூலகங்களுக்கும் அனுப்புகிற சின்ன நிறுவனம் அது. நூறு, இருநூறு வருடத்துக்கு முந்தைய தீர்ப்புகள், செத்துப்போன சட்டங்கள், அவற்றுக்கு வக்கீல்கள் எழுதிய விளக்கங்கள். "இதையெல்லாம் யாரு படிக்கிறா?" என்று கேட்காத சொந்தக்காரர் எங்களுக்கு இல்லை. "உலகத்துல முந்நூறு பேர் படிக்கிறாங்க. நீங்க அதுல இல்ல, அவ்வளவுதான்" என்பார் அக்கா.

நான் கீழ்த் தளத்தில் அச்சடித்த தாள்களை மடித்துத் தைக்கிறேன். அக்காவுக்கு மாடியில் கேமரா அறை. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்ட அறை அது. நடுவில் இரண்டு சாய்வுப் பலகைகள், விரித்த கைகள் மாதிரி. அதில் பழைய புத்தகத்தைச் சாய்த்து வைத்து, மேலே இரண்டு கேமராவுக்கும் அக்கா பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும். திருப்பி, கண்ணாடிச் சட்டத்தால் லேசாக அழுத்தி, காலால் பொத்தானை மிதிப்பார். மறுபடி திருப்புவார். ஒரு நாளைக்கு ஆயிரம் பக்கம் போகும். பத்தொன்பது வருடமாக அதுதான் அவர் வேலை. அந்தப் பழைய சட்ட நடை அவருக்குப் புரியாது. ஆனால் ஒரு தாளைத் தொட்டால் அது எங்கே உடையும், எங்கே வளையும் என்று அவர் விரலுக்குத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அவர் ஒரு தப்புச் செய்தார். பக்கம் திருப்புகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஈரம் பட்டு ஒட்டியிருந்த இரண்டு தாள்களை ஒன்றாகத் திருப்பிவிட்டார். நடுவில் இருந்த இரண்டு பக்கம் கேமராவுக்குத் தெரியவே இல்லை. அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் பக்க எண் ஒன்றிலிருந்து தொடங்கும். விட்டுப்போனதோ இரண்டே பக்கத்தில் முடிகிற ஒரு முழு வழக்கு. அதனால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அச்சாகி, தைத்து, எல்லா ஊருக்கும் போய்விட்டது.

இரண்டு வருடம் கழித்துக் கடல் தாண்டி ஒரு ஆராய்ச்சியாளரிடமிருந்து கடிதம் வந்தது. முதலாளி அதை அக்காவுக்குப் படித்துச் சொன்னார். எனக்கு வேண்டிய தீர்ப்பு அந்தத் தொகுப்பில் இல்லை என்று முடிவு செய்து, எட்டு மாதம் வேறு திசையில் தேடினேன். பிறகு தற்செயலாக மூலப் பிரதியைப் பார்க்கக் கிடைத்தது. அந்த இரண்டு பக்கத்தில்தான் அது இருந்தது. அடுத்த பதிப்பில் சேர்த்தால் மற்றவர்களுக்கு உதவியாக இருக்கும். இவ்வளவுதான் கடிதம். ஒரு கடுஞ்சொல் இல்லை.

"திட்டியிருந்தா அழுதுட்டுத் தூங்கியிருப்பேன்" என்று அக்கா என்னிடம் சொன்னார். "நன்றின்னு எழுதி முடிச்சிருக்கார் மனுஷன்."

அந்தக் கடிதத்தை முதலாளியிடம் கேட்டு வாங்கித் தன் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பக்க எண்ணை அவர் நம்பவில்லை. பழைய அச்சுக்காரர்கள் எண்களை விட்டுவிடுவார்கள், ஒரே எண்ணை இரண்டு தடவை போடுவார்கள். அக்கா நம்பியது புழுவை.

பழைய புத்தகத்தைத் துளைக்கிற புழு ஒரு அட்டையில் நுழைந்தால் தாள் தாளாக நேரே துளைத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு தாளிலும் ஓட்டை ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும். திருப்பும்போது அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டே வந்தால், இரண்டு தாள் ஒன்றாகத் திரும்பிய கணத்தில் ஓட்டை துள்ளும். கண் பிடித்துக்கொள்ளும். எந்தப் புத்தகத்தில் எத்தனை ஓட்டை, எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கோடு போட்ட நோட்டில் பென்சிலால் குறித்து வைப்பார். பதினேழு நோட்டு சேர்ந்துவிட்டது.

கம்ப்யூட்டரில் படங்களைச் சுத்தம் செய்கிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் பளிச் மாமா. ஐம்பதைத் தாண்டியவர். கறை, மடிப்பு, புழு ஓட்டை எல்லாவற்றையும் அழித்துப் பக்கத்தைப் பால் மாதிரி ஆக்கிவிடுவார். அதில் அவருக்குப் பெருமை. அக்காவின் நோட்டைப் பார்த்துவிட்டு, "உலகமே புத்தகத்தைப் படிக்குது, நீ புழுவைப் படிக்கிறியேம்மா" என்று சிரித்தார். பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

போன வருடம் ஒரு புத்தகம் வந்தது. பழைய காலத்து நீதிபதி ஒருவரின் தீர்ப்புகள், மூன்றாம் பாகம். உலகத்தில் மூன்று பிரதிதான் மிச்சம் என்றார்கள். மற்ற இரண்டும் தூரத்து நூலகங்களில் இருந்தன. எங்களுக்குக் கிடைத்தது மறைந்துபோன வக்கீல் ஒருவர் வீட்டுப் பிரதி. அவர் மனைவி அதைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருந்தார். தொட்டால் உதிர்கிற தாள் என்பதால் அக்கா நான்கு நாள் எடுத்துக்கொண்டு படமெடுத்து முடித்தார். புத்தகம் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனது.

நான்காவது மாதம், ஒரு வியாழக்கிழமை, முதலாளி கையில் முன்னுரையோடு கீழே வந்தார். பேராசிரியர் ஒருவர் மூன்று பிரதிகளையும் தேடிப்போய்ப் பார்த்து, நான்கு வருடம் உழைத்து எழுதிய முன்னுரை. முதலாளிக்கு மகிழ்ச்சி வந்தால் எங்களுக்குப் படித்துக் காட்டுவார். அக்காவையும் மாடியிலிருந்து கூப்பிட்டார்.

விஷயம் இதுதான். அந்தப் புத்தகத்தில் ஒரு சின்னத் தீர்ப்பு இருந்தது. ஒரு பெண் தைத்துச் சம்பாதித்ததை அவள் கணவன் வீட்டார் தங்களுடையது என்கிறார்கள். தன் கையால் சம்பாதித்தது அவளுக்கே சொந்தம் என்று நீதிபதி தீர்ப்பு எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் வேறு எவரும் அப்படி எழுதவில்லை. மற்ற இரண்டு பிரதிகளிலும் அந்தத் தாள் கிடையாது. பக்க எண் இருநூற்று எட்டிலிருந்து இருநூற்றுப் பதினொன்றுக்குத் தாவும். யாரோ வேண்டுமென்றே அதைக் கிழித்திருக்கிறார்கள், இந்த ஒரு பிரதியில்தான் உண்மை தப்பிப் பிழைத்தது என்று பேராசிரியர் எழுதியிருந்தார்.

எங்கள் தையல் மேஜையில் ஒரே ஆரவாரம். பசை தடவுகிற அம்மாள், "அந்த ஜட்ஜ் போட்டோ இருந்தா குடுங்க சார், எங்க வீட்டுல மாட்டணும். எங்க வீட்டுக்காரர் காலைல எழுந்ததும் அதுலதான் முழிக்கணும்" என்றார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அக்காதான். சிரித்துக்கொண்டே கேட்டார்.

"எந்தப் பக்கம் சார் அது?"

"இருநூத்தி ஒம்பது."

நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு வாய் வராது, கண் மட்டும்தான் வேலை செய்யும். அக்காவின் சிரிப்பு உதட்டில் அப்படியே இருக்க, கண் மட்டும் அணைந்ததை நான் பார்த்தேன். அவர் மாடிக்குப் போனார்.

சாயங்காலம் பஸ்ஸில் நோட்டை எடுத்து என் மடியில் வைத்தார். அவருடைய கோணல் கையெழுத்தில் இருந்தது. 'மூன்று ஓட்டை. 1 முதல் 208 வரை. 209இல் இல்லை. 211இல் மூன்றும் இருக்கிறது. துள்ளவில்லை.'

எனக்குப் புரியவில்லை.

"புழு இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கத்துக்கு நேரா போயிருக்கு. நடுவுல ஒரு தாள் இருந்திருந்தா அதையும் துளைச்சிருக்கணும்ல? புழு தின்னப்போ அந்தத் தாள் அங்க இல்ல. பின்னாடி யாரோ வச்சிருக்காங்க."

"அப்பவே சொல்லலையா அக்கா?"

"பளிச் மாமாகிட்ட சொன்னேன். 'புழுவுக்கு அன்னைக்கு விரதம் போல'ன்னு சொல்லிட்டு ஓட்டைய அடைக்கப் போயிட்டார். நானும் விட்டுட்டேன்."

"இப்ப என்ன செய்யப்போறீங்க?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஜட்ஜ் அப்படி எழுதியிருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றார். இரண்டு நிறுத்தம் தள்ளி, "சொல்லாம விட்டா யாருக்கும் தெரியாது. ஆனா இதை நம்பி எங்கயோ ஒருத்தர் உக்காந்து எழுதுவார்ல? எட்டு மாசமோ, எட்டு வருஷமோ" என்றார்.

மறுநாள் காலையில் நேரே முதலாளி அறைக்குப் போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். முதலாளி பாதி கேட்கும்போதே எழுந்துவிட்டார்.

"என்னம்மா பேசறீங்க? அவர் எவ்வளவு பெரிய பேராசிரியர்! நாலு வருஷம் உழைச்சிருக்கார். நீங்க புழு சொல்லுது, பூச்சி சொல்லுதுன்னு வந்து நிக்கிறீங்க."

"பூச்சி ஒண்ணும் சொல்லல சார். புழு மட்டும்தான்."

பளிச் மாமாவைக் கூப்பிட்டார்கள். சுத்தம் செய்ததும் பழைய படங்களை அழித்துவிடுவது அவர் வழக்கம். இடம் அடைக்குமாம். கம்ப்யூட்டரில் இருந்த இருநூற்று எட்டும், ஒன்பதும், பதினொன்றும் ஒரே மாதிரி பளிச்சென்று இருந்தன. ஓட்டையே இல்லை. மூலத்தைப் பார்த்தால்தான் உண்டு.

முதலாளி நல்லவர், ஆனால் கோபம் வந்தால் சொன்ன சொல்லில் நிற்பவர். "சரி, போய்ப் பாக்கலாம். பேராசிரியரையும் வரச் சொல்றேன். நீங்க சொல்றது தப்பா இருந்தா, கேமரா ரூம் சாவியக் குடுத்துட்டுக் கீழ பேக்கிங்குக்கு வந்துடுங்க."

அக்கா "சரி சார்" என்றார். வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டார். இடுப்பில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். அட்டைப் பெட்டியில் நாடா ஒட்டுவது கேவலமான வேலை இல்லை. அதைச் செய்கிறவர்களோடுதான் நான் சாப்பிடுகிறேன். ஆனால் தொட்டாலே உதிர்ந்துபோகும் தாளைக் காயப்படாமல் திருப்பத் தெரிந்த கைகள் எங்கள் இடத்தில் அவை மட்டும்தான். அதை அவரிடமிருந்து பிடுங்கினால் மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வக்கீல் வீட்டுக்குப் போனோம். பேராசிரியர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். மெலிந்த மனிதர். சட்டைப் பையில் மூன்று பேனா. அக்காவைப் பார்த்து மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் கை அந்தப் பேனாக்களை விட்டு நகரவே இல்லை. வக்கீலின் மனைவி புத்தகத்தைக் கொண்டுவந்து ஜன்னலோர மேஜையில் வைத்தார். "எங்க புத்தகத்துல எதாவது குறையா?" என்று மூன்று தடவை கேட்டார். "குறை எல்லாம் இல்லம்மா, சும்மா பாக்க வந்தோம்" என்று முதலாளி மூன்று தடவை சொன்னார்.

"நீங்களே திருப்புங்க" என்றார் பேராசிரியர்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு திருப்பினார். இருநூற்று ஏழு. தாளின் ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, முக்கோணம் போல மூன்று ஓட்டை. அடுத்த தாள், இருநூற்று ஒன்பது. ஒன்றும் இல்லை. அடுத்தது, இருநூற்றுப் பதினொன்று. அதே முக்கோணம்.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். "இந்தத் தாள் கொஞ்சம் தடிமனா இருக்கு. புழு இதைத் தின்னாம விட்டிருக்கலாம் இல்லையா? அந்தப் பக்கம் தாண்டிப் போயிருக்கலாம்" என்றார். அப்படி இருக்கட்டுமே என்கிற ஆசைதான் அதில் இருந்தது.

"புழுவுக்குப் பக்கம் தாண்டத் தெரியாது சார்" என்றார் அக்கா. "ஒரு தாளை விட்டுட்டு அடுத்த தாளுக்குப் போறது நான் செஞ்ச தப்பு. நான்தான் செய்வேன். புழு செய்யாது."

பிறகு நடுவில் இருந்த தாளை மட்டும் ஒரு விரலால் ஒதுக்கிவிட்டு, முன் தாளையும் பின் தாளையும் சேர்த்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். மூன்று ஓட்டை வழியாகவும் வெளிச்சம் வந்தது. மூன்று புள்ளி வெளிச்சம், சுத்தமாக. ஒதுக்கிய தாளை நடுவில் விட்டார். மூன்றும் அணைந்துபோயின. மறுபடி எடுத்தார், வந்தது. விட்டார், அணைந்தது.

பேராசிரியர் விரலைத் தையல் பக்கம் கொண்டுபோய், அந்தத் தாளின் அடியைத் தடவிப் பார்த்தார். மற்ற தாள்கள் எல்லாம் மடிப்போடு தைத்திருந்தன. இது ஒரு நூலளவு பட்டையில் ஒட்டியிருந்தது. அவ்வளவு நேர்த்தியாக ஒட்டியதால் இதுவரை யார் கண்ணிலும் படவில்லை. பக்க எண் தாவியது பழைய அச்சுக்காரர்களின் கைத்தவறு. அந்த இடைவெளியைப் பார்த்துவைத்து, அதற்குச் சரியாக இரண்டு எண் போட்டுப் பின்னால் யாரோ இதைச் செய்து நுழைத்திருக்கிறார்கள்.

"நாலு வருஷம்" என்றார் பேராசிரியர். நாற்காலியில் உட்கார்ந்தார்.

அக்காவும் ஜெயித்த முகமாக இல்லை. "சார், ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார். "ஜட்ஜ் எழுதல. சரி. ஆனா யாரோ ஒருத்தர் இதை எழுதி, அதே மாதிரி எழுத்துல அச்சடிச்சு, அளவா வெட்டி, கை நடுங்காம ஒட்டியிருக்காங்க. எவ்வளவு மெனக்கெட்டிருக்காங்க பாருங்க. அப்படி ஒரு தீர்ப்பு இருந்தே ஆகணும்னு யாருக்கோ தேவைப்பட்டிருக்கு."

பேராசிரியர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து எதையோ எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, "உங்க நோட்டெல்லாம் நான் பாக்கலாமா?" என்று கேட்டார்.

"பென்சில் எழுத்து சார். அழிஞ்சிடப்போகுது. கையத் துடைச்சிட்டுத் தொடுங்க" என்றார் அக்கா. முதலாளிக்கு இருமல் வந்துவிட்டது. வக்கீலின் மனைவி மட்டும் நான்காவது தடவையாக, "அப்ப குறை இல்லதானே?" என்றார்.

திரும்பி வரும்போது முதலாளி சாவியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல அக்கா மாடிக் கதவைத் திறந்தார். ஆனால் பளிச் மாமாவுக்கு ஒரு உத்தரவு வந்தது. இனி எந்தப் புத்தகத்திலும் ஓட்டையை அடைக்கக் கூடாது, எந்தப் படத்தையும் அழிக்கக் கூடாது. "இருபது வருஷமா ஓட்டைய அடைச்சதுக்குச் சம்பளம் குடுத்தாங்க. இப்ப அடைக்காம இருக்கறதுக்குக் குடுக்கறாங்க" என்று புலம்பினார். ஆனாலும் மூன்றாம் பாகத்தை மறுபடி படமெடுத்தபோது அவரே பக்கத்தில் நின்று, அந்த மூன்று ஓட்டையும் அச்சில் தெளிவாக விழும்படி பார்த்துக்கொண்டார்.

புதிய முன்னுரை ஆறு வாரத்தில் வந்தது. பழையதில் பாதிதான். முதலாளி கீழே வந்து படித்தார். அந்தத் தாள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது, அதை இந்தப் பிரதியின் பக்கங்களைத் திருப்பிப் படமெடுத்தவர் கண்டுபிடித்தார், நான் அவரிடமிருந்து தெரிந்துகொண்டேன் என்றுதான் அது தொடங்கியது. அதைச் சேர்த்தது யார், ஏன் என்பதுதான் இனி என் ஆராய்ச்சி என்று முடிந்தது. பசை தடவுகிற அம்மாள், "அப்ப ஜட்ஜ் போட்டோ வேணாம் சார், புழு போட்டோ குடுங்க" என்றார். அந்தச் சிரிப்பில் அதற்குமேல் முதலாளி சொன்னது கேட்காமல் போயிற்று. அக்கா தலையைக் குனிந்துகொண்டு கையைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

வீட்டில் அவர் கணவரிடம் நான்தான் சொன்னேன். அவர் லிப்ட் பழுது பார்ப்பவர், அதிகம் பேச மாட்டார். முழுதும் கேட்டுவிட்டு, "ஆக, இவ கண்ணுல புழுகூடத் தப்ப முடியாது. நான் எந்த மூலைக்கு?" என்றார். பிறகு நான் கொண்டுவந்திருந்த முன்னுரைப் பக்கத்தை வாங்கி, விரலால் வரி வரியாகத் தொட்டு இரண்டு தடவை படித்தார்.

புத்தகம் போன மாதம் தயாரானது. முந்நூறு பிரதி. அனுப்புகிற அன்று விலாசச் சீட்டுகளை நான் அடுக்கிக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. கடல் தாண்டிய அதே ஊர், அதே பெயர். அக்காவின் இழுப்பறையில் பதினேழு வருடமாக இருக்கிற கடிதத்தின் கீழே அந்தப் பெயரை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சீட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் அவரிடம் காட்டினேன்.

அக்கா கேமராவை அணைத்தார். கறுப்புத் துணியை இழுத்துவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே வந்தார். பேக்கிங் மேஜையில் இருந்தவரிடம், "இந்த ஒண்ண நான் கட்டறேன், கொஞ்சம் நகரு" என்றார். அவர் பேக்கிங்குக்கு வந்தது அன்றைக்கு மட்டும்தான், யாரும் சொல்லாமல் தானாக.

ஒரு பிரதியை எடுத்து மேஜையில் வைத்தார். முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நானூற்றுச் சொச்சம் பக்கம். நாங்கள் மற்ற பெட்டிகளைக் கட்டி முடித்தும் அவர் திருப்பிக்கொண்டிருந்தார். எல்லாம் இருந்தது. கண்ணாடியை எடுப்பதுபோல இரண்டு கையாலும் எடுத்துத் தாளில் சுற்றி, சீட்டை நேராக ஒட்டி, கட்டைவிரலால் நான்கு மூலையையும் அழுத்தினார்.

"ம், போகட்டும்" என்றார்.